காட்டில் கிராணி இல்லை

1

எங்கள் மலேசியப் பள்ளிகளில் பரிணாமம் ஆறாம் படிவத்தில்தான் வரும். ஐந்தாம் படிவ உயிரியல் புத்தகத்தில் பாரம்பரியம் உண்டு, வேறுபாடு உண்டு, மரபணுத் தொழில்நுட்பமும் உண்டு. அந்த வேறுபாடுகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று சொல்லும் அத்தியாயம் மட்டும் கிடையாது. எஸ்பிஎம் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதைப் படிக்காமலே பள்ளியை விட்டுப் போகிறார்கள். ஆறாம் படிவத்தில் உயிரியல் எடுக்கும் சிலருக்குத்தான் இயற்கைத் தேர்வும் இனத்தோற்றமும் பாடமாகிறது.

பேச்சு அதுவரை காத்திருப்பதில்லை. மெண்டலின் பட்டாணிப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: “அப்போ நாம குரங்கிலிருந்தா வந்தோம், டீச்சர்?” வகுப்பு சிரிக்கும். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பார். வாதம் முதலில் வந்துவிடுகிறது. சான்று பிறகு வருகிறது, அதுவும் சிலருக்கு.

2

எங்கள் லூமுட் சின்ன ஊர். ஒரு பக்கம் கடற்படைத் தளம், ஒரு பக்கம் பங்கோர் தீவுக்குப் படகேறும் துறை. உள்ளே போனால் சித்தியவான், ஆயர் தாவார். பால்மரம் நின்ற இடத்திலெல்லாம் இப்போது செம்பனை.

நான் படித்த ஆறாம் படிவ வகுப்பில் மூன்று படைப்புக் கதைகள் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தன. தளத்துக் குடியிருப்பிலிருந்து வந்த மலாய்த் தோழனுக்கு ஆதாம் களிமண்ணால் ஆனவர். கம்போங் கோ பக்கத்திலிருந்து வந்த சீனத் தோழிக்கு உலகம் ஆறு நாளில் ஆனது, அதன் வயது ஆறாயிரம் ஆண்டு. தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்குப் பிரம்மா இருந்தார். ஆனால் அவருக்காக யாரும் சண்டைக்குப் போனதில்லை. அவருக்கு எங்கள் பக்கம் கோயிலும் இல்லை.

3

தண்ணீர் வற்றும் நேரத்தில் அலையாத்திக் காட்டோரம் நின்று பார்த்தால் சேறு அசையும். உற்றுப் பார்த்தால் பெலாச்சாக். விரல் நீள மீன். முன்துடுப்பு இரண்டையும் ஊன்றி, தவழக் கற்கும் குழந்தைபோல உந்தி உந்தி ஏறும். செவுள் அறையில் தண்ணீரை அடக்கிக்கொண்டு, தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றை வாங்கிக்கொள்ளும். கண் இரண்டும் தலை உச்சியில். காய்ந்துபோகாமலிருக்க அவற்றை அடிக்கடி குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்ளும். தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டால் முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு எதிரே போகும்.

இதைக் காட்டினால் உடனே வரும் கேள்வி, “இது இன்னும் கொஞ்ச காலத்துல பல்லி ஆயிடுமா?” ஆகாது. நிலமேறிய நம் மூதாதை மீன்கள் வேறு கிளை. கனடாவின் வடகோடித் தீவொன்றில் 2004இல் தோண்டியெடுத்த டிக்டாலிக் அந்தக் கிளைக்கு நெருங்கியது. வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. பெலாச்சாக் தன் வழியில் தனியாக நிலமேறியிருக்கிறது, இன்னும் மீனாகவே இருக்கிறது.

தெலுக் பாத்திக் கடற்கரையில் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் கெராக் குரங்கின் கதையும் இதுதான். நாம் அதிலிருந்து வரவில்லை. இரண்டரை, மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையிலிருந்து அதன் கிளையும் நம் கிளையும் பிரிந்தன. கெரா நமக்குப் பாட்டன் இல்லை, தூரத்துப் பங்காளி.

வகுப்பில் நடக்கும் சண்டையில் பாதி, பாடம் சொல்லவே சொல்லாத ஒன்றை எதிர்த்து நடப்பது.

4

அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். முந்தைய நாள் கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, பட்டையில் மெல்லிய சீவல் ஒன்றை எடுப்பார். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஒரே நிரையில் ஒரு மரம் மங்கு நிறையக் கொடுக்கும். அடுத்த மரம் அதில் பாதிகூடக் கொடுக்காது. எது நல்ல மரம், எது சோம்பேறி மரம் என்று இருட்டிலேயே சொல்லிவிடுவார்.

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இந்த மரத்தின் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் நம் கோலகங்சாருக்கு வந்தன. இந்நாட்டுப் பால்மரக் காடுகளில் பெரும்பகுதி அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசு. நல்ல மரத்தைப் பார்த்து மொட்டெடுத்து ஒட்டி, பிறகு நல்லதோடு நல்லதைச் சேர்த்து, 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற இரகங்களைக் கொண்டுவந்தது. சில மனிதத் தலைமுறைக்குள் ஓர் ஏக்கர் கொடுக்கும் பால் பல மடங்கானது.

டார்வினும் தன் நூலின் முதல் அத்தியாயத்தை இங்கேதான் தொடங்குகிறார். மனிதர் வளர்க்கும் பயிர், கால்நடை, புறா. எங்கள் லயத்துப் பெண்களுக்கு அந்த அத்தியாயத்தின் பொருள் கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது.

5

இதை வகுப்பில் பேசியபோது மலாய்த் தோழன் கேட்ட கேள்வியைத்தான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன். “தோட்டத்துல துரை இருக்கார், கிராணி இருக்கார், ஆராய்ச்சி நிலையம் இருக்கு. காட்டுல யார் தேர்ந்தெடுத்தது?”

பாடத்தின் பதில் சுருக்கமானது. யாரும் இல்லை. பிறப்பவை அதிகம், பிழைப்பவை குறைவு. பிறந்தவை ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. எது சற்றுக் கூடுதலாகப் பிழைத்து, சற்றுக் கூடுதலாகப் பெற்றுப்போட்டதோ, அதன் சாயல் அடுத்த தலைமுறையில் கூடும். இதுவே காலம் காலமாக நடந்தால் போதும்.

அன்று வகுப்பு சிரிக்கவில்லை. குரங்கென்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். காட்டில் கிராணி இல்லை என்பதைச் சிரித்துக் கடக்க முடியாது. விசுவாசமுள்ள பிள்ளைக்கு வலிக்கும் இடம் அதுதான். அந்த வலியைப் பார்க்காத வாத்தியார் எத்தனை எலும்புக்கூட்டைக் காட்டினாலும் பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும்.

தேர்வு நடக்க ஒரு கை தேவைப்படவில்லை என்பதோடு பாடம் நின்றுவிடுகிறது. அந்த விதியை வைத்தவர் உண்டா என்று அது விசாரிப்பதில்லை. 1950இல் பன்னிரண்டாம் பயஸ் போப், உடல் எப்படித் தோன்றியது என்ற ஆராய்ச்சிக்குக் கத்தோலிக்கர்களுக்குத் தடையில்லை என்றதும், ஆன்மாவை மட்டும் இறைவனின் நேரடிப் படைப்பாக நிறுத்திக்கொண்டதும் இந்த எல்லைக்கோட்டைப் பார்த்துத்தான்.

6

அந்தத் தோழன் சொல்வான்: “பரீட்சையில எழுதுவேன். நம்பறது வேற.” எழுதினான். எங்கள் எல்லாரையும்விட நன்றாகவே எழுதினான். மீனும் பறவையும் மாறி வந்தது அவனுக்குத் தடையில்லை. ஆதாமின் இடத்தில் மட்டும் கோடு போட்டான்.

இந்தக் கோட்டை அவனுக்கு முன்னாலேயே ஒரு பெரியவர் போட்டிருக்கிறார். 1855 பிப்ரவரியில், சரவாக்கின் சந்துபோங் மலையடியில், மழைக்காலத்தில் அடைபட்டு, சமைக்க ஒரு மலாய்ப் பையனை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் இனமும் தனக்கு நெருங்கிய முந்தைய இனம் ஒன்று வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றியிருக்கிறது என்பது அதன் சாரம். 1858இல் தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்குக் கடிதம் போட்டார். அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. பதினோரு ஆண்டு கழித்து அந்த வாலஸே, மனித மனத்தை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது, அதற்கு மேலான ஓர் அறிவு வேலை செய்திருக்கிறது என்று எழுதினார். டார்வின் வருந்தினார். இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

பரிணாமக் கருத்தின் ஒரு வேர் நம் நாட்டு மண்ணில் ஊன்றியது என்பதை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

7

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் சங்கடமே இல்லை என்பார்கள். மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன். “பார்த்தியா, நம்ம தசாவதாரமே பரிணாமம்தான்.” அதோடு பேச்சு முடிந்துவிடும்.

தசாவதாரத்தை இப்படிப் படிக்கும் பழக்கம் டார்வினின் நூல் வந்த பிறகு பரவியது. 1877இல் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியிருக்கிறார். பிறகு கேசவ சந்திர சென்னும் பேசியிருக்கிறார். சிவபுராணத்தையும் துணைக்கு இழுப்பார்கள். மாணிக்கவாசகர் அடுக்கும் பிறவிகளில் பாம்புக்குப் பின் கல் வருகிறது, மனிதருக்குப் பின் பேய் வருகிறது. ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்த களைப்பு அது. இனங்கள் எப்படிப் பிரிந்தன என்ற கணக்கை அதில் தேடினால் பாட்டுக்கும் நியாயம் இல்லை, பாடத்துக்கும் நியாயம் இல்லை. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்தது பெரிய காரியம்தான். வகுப்பது வேறு, வந்த வழி சொல்வது வேறு. உயிர்களை வகுத்து இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ், கடவுள் படைத்ததைத்தான் அடுக்குவதாக நம்பினார்.

மறுக்கிறவன் ஒரு சான்றையாவது எதிர்கொண்டு மறுக்கிறான். ‘எங்களுக்கு முன்னமே தெரியும்’ என்கிறவன் எந்தச் சான்றையும் பார்க்க வேண்டியதில்லை. எளிதில் கிடைத்த ஒப்புதலின் கீழே எவ்வளவு புரிதல் இருக்கிறது என்று யாரும் கேட்பதும் இல்லை.

8

1991இல் பேராக் லெங்கோங் பள்ளத்தாக்கில், கூனோங் ரூந்து குகையில், ஒரு மனிதரின் எலும்புக்கூட்டைப் பேராசிரியர் சுரைனா மஜித் குழுவினர் தோண்டியெடுத்தார்கள். நாற்பது வயதைக் கடந்தவர். இடது கையில் பிறவிக் குறை. முழங்காலை மடித்துக் கிடத்தி, கல் கருவிகளும் உணவும் பக்கத்தில் வைத்துப் புதைத்திருந்தார்கள். வயது பத்தாயிரம் ஆண்டுக்கு மேல். அந்தப் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

உலகின் வயது ஆறாயிரம் என்ற சீனத் தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. “அந்தக் கணக்கை நீ போட்டுப் பார்த்தியா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் புத்தகத்தைத்தான் நம்பினேன், அவளும் புத்தகத்தைத்தான் நம்பினாள். ஆனால் இப்படி வயதைச் சொல்லும் கரிமம் 14இன் கணக்கு யார் போட்டாலும் போடக்கூடியது. 5,730 ஆண்டில் பாதி குறையும், இன்னொரு 5,730இல் அதிலும் பாதி. தப்பென்று காட்ட விரும்புகிறவருக்கும் அதே கருவியைக் கையில் கொடுக்கும் கணக்கு அது.

9

அக்காள் மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். “மாமா, பள்ளியில ரத்தம் எடுத்தாங்க, தாலசீமியாவாம்” என்றாள். 2016இலிருந்து நான்காம் படிவ மாணவர்களுக்கு நாடு முழுக்க நடக்கும் பரிசோதனை. இந்த இரத்தக் குறை நம் பக்கம் ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்று கேட்டாள்.

1949இல் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு விடை சொன்னார். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. மலேரியா கொன்று குவித்த நாடுகளில் ஒற்றை மரபணுக்காரர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள். இயற்கைத் தேர்வு என்பது இதுதான். வகுப்பிலுள்ள எல்லா மதத்துப் பிள்ளைகளின் கையிலிருந்தும் அதைத்தான் குழாயில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். மனிதருக்கு மனிதர் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் 2018இலிருந்து இல்லை. இப்போது இருப்பது கெராவின் மலேரியா. சரவாக்கின் காப்பிட்டில் அது மனிதர்களிடம் பரவலாக இருப்பதை பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ் சிங் குழுவினர் 2004இல் வெளியிட்டார்கள். குரங்கின் சிவப்பணுவும் நம் சிவப்பணுவும் அந்தக் கிருமிக்குப் போதுமான அளவு ஒத்திருக்கின்றன. வகுப்பு சிரிக்கும் உறவை அந்தக் கிருமி எப்போதோ கண்டுகொண்டது.

10

1925இல் அமெரிக்காவின் டென்னசியில் பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியரைக் கூண்டில் நிறுத்தினார்கள். 2017இல் துருக்கி அதை உயர்நிலைப் பள்ளிப் பாடத்திலிருந்து எடுப்பதாக அறிவித்தது. 2023இல் இந்தியாவின் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமம் இல்லை. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். எங்கள் நாட்டில் வழக்கும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சந்தடி இல்லாமல் ஆறாம் படிவத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

நான்காம் படிவத்தில் இரத்தம் கொடுக்கிற பிள்ளைக்கு, அந்த இரத்தம் ஏன் இப்படி இருக்கிறது என்று ஐந்தாம் படிவத்துக்குள் சொல்லிவிட வேண்டும். நம்பச் சொல்ல வேண்டாம். புரியும்படி சொன்னால் போதும். நம்புவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையும் அதன் வீடும் பார்த்துக்கொள்ளட்டும்.

தமிழ்ப் பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தால், ‘நம்ம முன்னோர் அன்னிக்கே சொல்லிட்டாங்க’ என்று வாயை அடைத்துவிடாதீர்கள். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்று பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.