பெரிய மனசு என்ற பட்டம்

மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, வாழ்க்கை மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு எனக்கு ஊரில் புதிய பட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது. "மாஸ்டருக்குப் பெரிய மனசு" என்கிறார்கள். பள்ளிவாசல் முற்றத்திலும் கலியாண வீடுகளிலும் பல தடவை கேட்டுவிட்டேன். அன்போடு சொல்லப்படும் வார்த்தைதான். ஆனாலும் அதற்குள் என்ன பொருள் இருக்கிறது என்பதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

நான் செய்தவை இவைதான். 2018இல் அவளுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரவு பஸ்ஸில் மஹரகமைக்குக் கூட்டிப் போனேன். இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்து அவள் வாந்தியெடுத்தபோது பக்கத்தில் இருந்தேன். சோறு ஆக்கினேன், பிள்ளைகளின் உடுப்புக் கழுவினேன். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்ததால் அந்தக் கை வீங்கக் கூடும் என்றார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது என் வேலையாயிற்று. ஐந்து வருடம் தினமும் ஒரு தமொக்சிபென் மாத்திரை. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் கிளினிக் தவறவில்லை.

இதையெல்லாம் கணவனுக்காகச் செய்த பெண்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! பாரிசவாதத்தில் விழுந்த கணவனைப் பதினொரு வருடம் புரட்டிப் படுக்கவைத்துக் கழுவிய ஒரு மூத்தம்மாவை எனக்குத் தெரியும். அவருக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. "பொஞ்சாதிதானே, பாக்கத்தானே வேணும்" என்றார்கள். செயல் ஒன்று. பெண் செய்தால் கடமை, ஆண் செய்தால் பெருந்தன்மை. அறத்துக்கு இப்படி இரண்டு படிக்கற்கள் இருக்க முடியுமா?

2009இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கடும் நோயுற்ற, மணமான 515 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி பெண்ணாக இருந்த இடத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 மணங்கள் முறிந்தன. நோயாளி ஆணாக இருந்த இடத்தில் நூற்றுக்கு 3. தூர தேசத்துக் கணக்கு. நம்மூருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னைப் புகழும் வார்த்தைக்கு அடியிலும் இதே எதிர்பார்ப்புத்தான் கிடக்கிறது. ஆண் போய்விடுவான், போகாதவன் அதிசயம். உறவினர் ஒருவர், அவள் குசினியில் நிற்கும்போதே, "மார்க்கத்தில இடமிருக்குத்தானே மாஸ்டர்" என்றார். உடலில் ஓர் உறுப்புக் குறைந்ததால் மனைவியின் பெறுமதியும் குறைந்துவிட்டது, வாங்கியவன் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறான் என்பதுதான் அந்தப் பேச்சின் கணக்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் கிழக்கு மாகாண வழக்கப்படி நான் குடியிருப்பது அவளுடைய வீட்டில். அவளை நான் வைத்திருப்பதாக ஊர் சொல்கிறது. வளவும் கிணறும் அவள் பெயரில் இருக்கின்றன.

அய்யூப் நபியவர்களின் பொறுமையை ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நெடிய நோயில் அவர்களை விட்டு அகலாமல் பணிவிடை செய்த மனைவியைப் பற்றியும் சொல்வார்கள். ஆனால் பொறுமைக்கு உதாரணமாக நிற்பவர் நோயைச் சுமந்தவரே. என் வீட்டுக் கதையை மட்டும் ஊர் புரட்டிப்போட்டுவிட்டது. ஊசியைத் தாங்கியவள் ஒருத்தி, பொறுமையாளன் என்று பெயர் வாங்கியவன் இன்னொருவன்.

மௌலவி நண்பர் ஒருவர் மறுத்துச் சொன்னார்: "நல்லதைப் பாராட்டினால்தானே மற்றவர்களும் செய்வார்கள்." நியாயமான வாதம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் ஒழுங்காக வந்த பிள்ளைக்கு நாங்களும் பரிசு கொடுக்கிறோம். ஆனால் ஆசிரியர் தினமும் வகுப்புக்கு வந்தார் என்று அவருக்கு மாலை போடுவதில்லை. போட்டால், வராமலிருப்பதே வழக்கம் என்று ஊர் நினைக்கும். கடமையைத் தியாகம் என்று அழைத்தால் கடமையின் எல்லை சுருங்கிவிடுகிறது. நாளை ஒருவன் நோயுற்ற மனைவியை விட்டுப் போனால், "எல்லாருக்கும் மாஸ்டர் மாதிரிப் பெரிய மனசு வருமா?" என்று அவனுக்காகப் பேச என்னையே சாட்சிக்கு இழுப்பார்கள்.

இதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. இந்தப் புகழ் அவளைக் கடனாளியாக்கிவிட்டது. ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாலும் தயங்கி வாங்குகிறாள். இருபது வருடத்துக்கு மேலான குடும்பத்தில் முன்பு இல்லாத தயக்கம் இது. ஒருநாள் அவளே சொன்னாள்: "இஞ்சாருங்க, வருத்தம் வந்தது எனக்கு. ஊரு பாராட்டுறது உங்கள." கோபமில்லாமல்தான் சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கணவன் கொடுப்பவன், மனைவி பெறுபவள் என்று ஆகிவிட்ட வீட்டில் அன்பு இருக்கலாம், சமத்துவம் இருக்காது.

சிகிச்சை முடிந்த பின்னும் பயம் முடிவதில்லை. கிளினிக் திகதி நெருங்கும்போது இருவருக்கும் நித்திரை குறையும். அந்த இரவுகளில் யார் யாருக்குத் துணை என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாளை படுக்கையில் விழுவது நானாகவும் இருக்கலாம். அப்போது அவள் என்னைப் பார்ப்பாள். அதற்கு ஊர் எந்தப் பட்டமும் கொடுக்காது.

ஆகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். என்னைக் கண்டால் வழமைபோலச் சலாம் சொல்லுங்கள். சுகம் விசாரிப்பதானால் வீட்டுக்கு வந்து அவளிடம் விசாரியுங்கள்.