அடைக்கலம் வந்த குருவி



போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை தாங்கலில் பணிவிடை முடித்து வீடு திரும்பினேன். இரவெல்லாம் மழை. திண்ணை விளக்கை அணைக்காமலே எல்லோரும் தூங்கியிருந்தார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. எலி என்று துடைப்பத்தை எடுத்தேன். “தாத்தா, அடிக்காதீங்க, அது குருவி” என்று பேத்தி கத்தினாள்.

மைனாவைவிடச் சிறியது. முதுகு பச்சை, வயிற்றின் அடியில் சிவப்பு, கண் மேல் கறுப்புப் பட்டை, வால் இருக்கிறதா இல்லையா என்னும்படி குட்டை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. கையில் எடுத்தபோது தடுக்கக்கூட இல்லை.

வனத்துறையில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையனுக்குப் போன் போட்டோம். ஆறுமணிக்குருவி என்றான். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வதுண்டாம். காலை மாலை ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் நம் பக்கத்துக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை அது. இரவில் பறப்பதால் விளக்கைக் கண்டு தடுமாறி, சுவரிலும் கண்ணாடியிலும் மோதி, களைத்துப்போய் வீடுகளுக்குள் விழுந்துவிடுவது வருடா வருடம் நடப்பதுதானாம்.

அதற்குள் என் வீட்டில் தாங்கலில் வாங்கிவந்த பதத்தை அதன் அலகில் ஊற்றப் போய்விட்டாள். பையன் போனிலேயே தடுத்தான். வாயில் ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கிக் குருவி செத்துப்போகுமாம். சோறும் வைக்கக் கூடாது, அது புழு பூச்சி தின்கிற பறவை. அட்டைப்பெட்டியில் நாலைந்து ஓட்டை போட்டு, துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத இருட்டில் வையுங்கள், சும்மா சும்மா திறந்து பார்க்காதீர்கள், இறகு ஒடியாமல் இருந்தால் தானாகத் தேறும் என்றான். அவ்வளவுதான் வைத்தியம். நமக்குத்தான் ஒன்றும் செய்யாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் பெட்டிக்குள் தத்துகிற சத்தம் கேட்டது. பேத்தி, “தாத்தா, பரணில் கூண்டு இருக்குல்ல, அதில் வளர்ப்போமா?” என்றாள்.

அந்தக் கூண்டைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயதில், காற்றில் ஒடிந்த தென்னைப் பொந்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு ஒன்றை எடுத்துவந்தேன். பால்சோறு ஊட்டிப் பிழைக்க வைத்தேன். அது வரைக்கும் தர்மம்தான். இறகு முளைத்ததும் கத்தரித்தேன். “அய்யா உண்டு” என்று சொல்லப் பழக்கினேன். வருகிற அன்பர்கள் எல்லாம் கேட்டு மெய்சிலிர்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. ஒன்பது வருடம் அப்படி. ஏடு வாசிப்பில் அய்யா சிங்காரத்தோப்புச் சிறையில் இருந்த பகுதி வரும்போது நானும் அழுவேன். அழுத கண்ணோடு வீட்டுக்கு வந்து கூண்டுக்குள் மிளகாய்ப்பழம் போடுவேன். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க ஒன்பது வருடம் ஆனது எனக்கு.

ஒருநாள் கூண்டைத் திறந்து விட்டேன். அது வெளியே வந்து கூரை விளிம்பு வரை போய், கீழே விழுந்து, நடந்தே திரும்பி வந்து கூண்டுக்குள் ஏறிக்கொண்டது. பாசம் என்றார்கள் பார்த்தவர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடைசிவரை கூண்டிலேயே இருந்து செத்தது. நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேனோ என்னவோ.

வெளியே விட்டால் பூனை பிடிக்கும், பருந்து தூக்கும், கூண்டில் இருந்தால் உயிராவது மிஞ்சுமே, அடைக்கலம் என்று வந்ததைச் சாவுக்கு அனுப்புவது எந்த தர்மம் என்று நீங்கள் கேட்கலாம். லேசான கேள்வி இல்லை. இறகு ஒடிந்த பறவையை விடுவது கொலைக்குச் சமம். அதை வனத்துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோதான் சேர்க்க வேண்டும், அங்கே அது கூண்டில்தான் கிடக்கும். ஆகையால் கூண்டே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. கதவைச் சாத்துவது அதற்காகவா, நமக்காகவா என்றுதான் பார்க்க வேண்டும். காலையில் அட்டைப்பெட்டியை மூடியது குருவிக்காக. சாயங்காலமும் மூடியே வைத்திருந்தால் அது என் பேத்திக்காக, உள்ளதைச் சொன்னால் எனக்காகவும்தான்.

நம் தாங்கலுக்கு நிழல் தாங்கல் என்றுதானே பெயர். மழைக்கு ஒதுங்கி இரவு தங்குகிறவரிடம் என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்பதில்லை. சோறு போடுகிறோம். விடிந்ததும் அவர் போகிறார். சோறு போட்டோமே என்று யாரும் வாசலை மறித்து நிற்பதில்லை.

பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்று ஓர் ஊர். 2020-இல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. அது குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. யாரும் அந்தக் குஞ்சுகளை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இருட்டில் நடந்தார்கள், அவ்வளவுதான்.

பேத்தியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கிளி கதையை மட்டும் சொன்னேன். “கூண்டுக்குள்ளே நடந்தே வந்துச்சா?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு ஒன்றும் பேசவில்லை.

வெயில் தாழ்ந்ததும் பெட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோனோம். 2018 நவம்பர் 16-இல் கஜா அடித்தபோது எங்கள் மாவும் பலாவும் சாய்ந்தன. தப்பியது ஒரே ஒரு மாமரம். அதன் நிழலில்தான் சருகு மண்டிக் கிடக்கும். பூனையை வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, பெட்டியைச் சாய்த்துத் திறந்தோம். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பிறகு தத்தித் தத்தி இறங்கி, சருகை அலகால் புரட்டி, ஒரு புழுவை இழுத்துத் தின்றது. திரும்பிப் பார்க்காமல் வேலிக்கு அந்தப் பக்கம் பறந்து போனது.

பேத்தி வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுவாரம் பழைய இரும்புக்காரன் வந்தபோது, பரணில் இருந்த கூண்டை நான் சொல்லாமலே இறக்கச் சொன்னாள். எடை போட்டு எண்பது ரூபாய் கொடுத்தான். அதைத் தாங்கல் உண்டியலில் போடச் சொன்னேன்.