கொண்டு வந்த பொருள்

பயணம் போய்த் திரும்புகிறவன் வெறுங்கையுடன் வீட்டுப் படியேற விரும்புவதில்லை. கண்ட இடத்தின் நினைவாக ஏதேனும் ஒன்றைக் கையோடு கொண்டு வர வேண்டும் என்னும் ஆசை மனித இயல்பிலேயே அமைந்திருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் பழைய இல்லங்களில், இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வணிகத்தின் பொருட்டுச் சென்ற முன்னோர் கொண்டு வந்த பீங்கான்களையும் பெட்டிகளையும் இன்றும் காணலாம். இன்றைய இல்லங்களின் முன்கூடத்தில் பெரும்பாலும் காட்சி தருபவை, ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று வந்தோர் கொண்டு வந்த பொருள்கள். வெல்வெட் துணியில் நெய்த கஃபாவின் படம், கண்ணாடிச் சட்டத்துக்குள் பச்சைக் குப்பா, பாங்கொலி எழுப்பும் கடிகாரம், பளிங்கில் செதுக்கிய சின்னஞ்சிறு கஃபா என்று அவற்றின் வரிசை நீளுகிறது.

இவை கூடுமா கூடாதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கேட்பவர்கள் உண்டு. அதைவிட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. இப்பொருள்கள் யாரை நினைவூட்டுகின்றன? சென்ற இடத்தையா, அல்லது அங்கே சென்று வந்தவரையா?

பயணத்தை இஸ்லாம் வெறுக்கவில்லை. பூமியில் சுற்றித் திரிந்து, முன் வாழ்ந்தோரின் முடிவு எப்படி ஆயிற்று என்று பாருங்கள் எனத் திருமறை பல இடங்களில் ஏவுகிறது. அதன் நோக்கம் என்ன என்பதை ‘அல்ஹஜ்’ என்னும் அத்தியாயத்தின் 46ஆம் வசனத்திலிருந்து அறிகிறோம். உணர்ந்து கொள்ளும் உள்ளங்களையும் கேட்கும் செவிகளையும் பயணி பெற வேண்டும் என்பதே அது. ஆகவே, பயணத்தில் முதலில் நிரம்ப வேண்டிய பாத்திரம் பெட்டியன்று, நெஞ்சு.

இனி, வீட்டு அலங்காரத்தைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு போர்ப் பயணத்தினின்றும் திரும்பிய வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலில் ஓர் அழகிய விரிப்பைத் திரையாகத் தொங்க விட்டிருந்தார்கள். அதைக் கண்ட நபியவர்களின் திருமுகம் மாறிற்று. அவர்கள் அதைப் பற்றி இழுத்துக் கிழித்தார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்றும் கூறினார்கள். அன்னையவர்கள் அத்துணியை வெட்டி, ஈச்ச நார் அடைத்து இரண்டு தலையணைகள் ஆக்கினார்கள். அதில் நபியவர்கள் குறை காணவில்லை. இது ஸஹீஹ் முஸ்லிமில் இடம் பெற்றுள்ள செய்தி.

திரையில் இருந்த உருவங்களே காரணம் என்று விளக்கிய அறிஞர்களும் உளர். ஆயினும் இந்த அறிவிப்பில் நபியவர்கள் வாய்மொழியாகச் சொன்ன காரணம் சுவருக்கு ஆடை உடுத்துவது பற்றியதே. சுவரை மூடுவது விரும்பத்தகாதது, ஆனால் இந்த நபிமொழி அதை ஹராமாக்கவில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் விளக்கவுரையில் எழுதுகிறார்கள். துணி ஒன்றுதான், நெசவும் ஒன்றுதான். பார்க்கப்படுவதற்காக மட்டும் தொங்கியபோது அது திருமுகத்தை வாடச் செய்தது. சாய்ந்து இளைப்பாறுவதற்குப் பயன்பட்டபோது அதே இல்லத்தில் இடம் பெற்றது. அழகு விலக்கப்படவில்லை, பயனோடு சேர்த்து வைக்கப்பட்டது.

நினைவுப் பொருளைப் போற்றுவதே பிழை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் கூடாது. நபி (ஸல்) அவர்கள் நீர் அருந்திய கிண்ணம் ஒன்று அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. அது விரிசல் கண்டபோது வெள்ளியால் இணைக்கப்பட்டது. நபியவர்களின் மறைவுக்குப் பின் வந்த தலைமுறையினரான ஆஸிம் என்பார் அதைப் பார்த்ததாகவும் அதில் நீர் அருந்தியதாகவும் புகாரீயில் காண்கிறோம். உலகில் அதைவிட விலைமதிப்பற்ற நினைவுப் பொருள் வேறு எது? ஆயினும் அது பூட்டி வைக்கப்படவில்லை. தாகத்தைத் தணித்துக் கொண்டிருந்தது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹஜருல் அஸ்வதின் முன் நின்று கூறிய சொல்லை நாம் அனைவரும் அறிவோம். நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் அது என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டிராவிட்டால் தாமும் முத்தமிட்டிருக்க மாட்டார் என்றும் அவர்கள் அறிவித்தார்கள். இதை எடுத்துரைப்போர் பெரும்பாலும் முதற்பாதியோடு நின்று விடுகின்றனர். அவ்வாறு சொன்னவர் அக்கல்லை முத்தமிடவும் செய்தார் என்பது மறுபாதி. பொருளுக்குத் தன்னளவில் ஆற்றல் இல்லை. ஆனால் அன்புக்குரியவரின் வழி அதன் மீது பதிந்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நெஞ்சில் வைத்திருப்பதே முஃமினின் நிதானம்.

புனிதத் தலத்திலிருந்து எதை எடுத்து வரலாம் என்பதில் நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் நுட்பமாகப் பேசுகின்றன. ஹரம் எல்லைக்குள் உள்ள மண்ணையும் கல்லையும் வெளியே கொண்டு செல்வது மக்ரூஹ் என்று சிலரும் ஹராம் என்று சிலரும் உரைத்துள்ளனர். ஆனால் ஸம்ஸம் நீரைக் கொண்டு வரத் தடையில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அதைச் சுமந்து வந்ததாகத் திர்மிதீயில் செய்தி உள்ளது. இந்த வேறுபாட்டுக்கு அறிஞர்கள் காட்டும் காரணம், நீர் மீண்டும் ஊறும். எடுத்த மண் மீண்டும் முளைக்காது என்பது. என் சிற்றறிவுக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மண்ணை எடுத்தவன் அதைப் புட்டியில் அடைத்து வைப்பான். நீரைக் கொண்டு வந்தவனோ அண்டை வீட்டாருக்கும் நோயாளிக்கும் ஒரு மிடறேனும் பகிர்ந்தே தீருவான்.

கஃபாவின் போர்வையான கிஸ்வாவின் கதையும் இதையே உணர்த்துகிறது. பழைய போர்வைகள் சேர்ந்து விடுவதால், தூய்மையற்ற நிலையில் யாரும் அவற்றை உடுத்தி விடக்கூடாதென்று அஞ்சிக் குழி தோண்டிப் புதைக்கிறோம் என்று கஃபாவின் திறவுகோலைக் காத்த ஷைபா (ரலி) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் தெரிவித்தார்கள். நீங்கள் செய்வது நன்றன்று. அவற்றை விற்று அத்தொகையை ஏழைகளுக்கும் அல்லாஹ்வின் பாதையிலும் செலவிடுங்கள் என்பதே அன்னையார் அளித்த விடையின் சாரம். இது பைஹகீயில் பதிவாகியுள்ளது. இறையில்லத்தைத் தழுவியிருந்த துணிக்கே ஏழையின் பசி முதன்மையான பயனாயிற்று என்றால், கடைவீதியில் வாங்கிய துணியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

கடைவீதி என்றதும் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. மஸ்ஜிதுல் ஹராமில் தொழும் ஒரு தொழுகை, பிற பள்ளிகளில் தொழும் 1,00,000 தொழுகைகளைவிடச் சிறந்தது என்பது நபிமொழி. வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேமித்து அங்கே சென்ற ஏழை ஹாஜி, தம் இறுதி நாள்களைக் கடை கடையாக ஏறி இறங்குவதில் கழிக்கிறார். அவர் பேராசைக்காரர் அல்லர். ஊரில் பயணம் சொல்லிக்கொண்ட அத்தனை வீடுகளுக்கும் தஸ்பீஹ், தொப்பி, தொழுகை விரிப்பு, அத்தர் கொடுத்தாக வேண்டுமென்னும் வழக்கம் அவரைத் துரத்துகிறது. அன்பளிப்புச் செய்யுங்கள், அன்பு வளரும் என்பது நபிகளாரின் அறிவுரை. அந்த அன்பளிப்பு கணக்குப் பார்த்து எதிர்பார்க்கப்படும் வரியாக மாறும்போது, அன்பு போய் அச்சம் குடியேறுகிறது. ஹாஜியாரை வரவேற்கச் செல்லும் நாம் அவர் கையை நோக்காமல் முகத்தை நோக்கி, துஆச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டால், எத்தனையோ ஏழைகளின் கடன் குறையும். ஹரமில் அவர்கள் தொழும் ரக்அத்துகள் பெருகும்.

சுவரில் தொங்கும் கஃபாவின் படம் பயனற்றது என்றும் நான் சொல்லவில்லை. எழுந்து நடக்க இயலாத மூதாட்டி ஒருவர் படுக்கையிலிருந்தபடியே அதை நோக்கி ஸலவாத்து ஓதிக் கண் கலங்குவாராயின், அப்படம் தன் கடமையைச் செய்து விட்டது. வீட்டுக் குழந்தை, இது என்ன வாப்பா என்று கேட்க, தந்தை இப்றாஹீம் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால், அது பாடநூலினும் மேலானது. ஆனால் அதே படம் விருந்தினரின் கண்ணில் முதலில் பட வேண்டுமென்று இடம் தேடி மாட்டப்பட்டதாயின், அங்கே முகஸ்துதி என்னும் நோய் மெல்ல நுழைகிறது. இதைக் கண்டறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. இனி இவ்வீட்டுக்கு விருந்தினர் எவரும் வரமாட்டார் என்றால், இப்பொருளை இதே இடத்தில் வைத்திருப்பேனா? ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுத் தமக்குள்ளேயே விடை காண வேண்டிய வினா இது.

பயணிகளின் தலைவர் என்று சொல்லத்தக்க இப்னு பதூதா நம் தமிழகக் கரைக்கும் வந்தவர். 1325இல் தாஞ்சியரை விட்டுப் புறப்பட்ட அவர், ‘மஃபர்’ என்று அரபிகள் வழங்கிய இக்கரையிலிருந்து கொல்லம் சென்று, பின்னர் மேற்குக் கரையோரம் கப்பலில் செல்லும்போது கடற்கொள்ளையரிடம் சிக்கினார். இலங்கை மன்னர் அளித்த மணிகளும் நல்லோர் கொடுத்த பொருள்களும் பறிபோயின. உடுத்தியிருந்த கால்சட்டை ஒன்றுதான் மிஞ்சியது. அவர் இல்லத்தை அலங்கரிக்க வேண்டியவை எல்லாம் அன்றே போயின. ஆயினும் 1355இல் ஃபெஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய்ய் எழுதி முடித்த பயண நூல் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. கொள்ளையர் தொட முடியாத இடத்தில் அவர் தம் பயணத்தைச் சேமித்து வைத்திருந்தார்.

நம் ஊர்களில் இன்னொரு நினைவுப் பொருளும் உண்டு. அதை யாரும் கூடத்தில் வைப்பதில்லை. தம் கஃபனுக்குரிய துணியை ஸம்ஸம் நீரில் நனைத்து, உலர்த்தி, மடித்துக் கொண்டு வந்து பெட்டியின் அடியில் வைக்கும் ஹாஜிமார்களும் ஹாஜியம்மாக்களும் நம்மிடையே இருக்கின்றனர். நபியவர்கள் அணிந்திருந்த ஆடையை ஒரு தோழர் கேட்டுப் பெற்றார். பிறர் அவரைக் கடிந்தபோது, உடுத்துவதற்காக அன்று, தம் கஃபனாக்கிக் கொள்ளவே கேட்டதாகக் கூறினார். அவ்வாறே அது அவருக்குக் கஃபனும் ஆயிற்று. புகாரீயில் வரும் இச்செய்தியின் மணம் அந்தப் பெட்டிகளிலும் வீசுகிறது.

அத்துணியைப் பார்த்து வியக்க விருந்தினர் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து, அந்துருண்டை மாற்றி வைக்கும்போது, உரியவர் மட்டும் அதைத் தொட்டுப் பார்க்கிறார். சென்று வந்த பயணமும் செல்ல வேண்டிய பயணமும் அந்த ஒரு மடிப்புக்குள் அவருக்கு நினைவு வருகின்றன. நாம் கொண்டு வரும் பொருள்கள் யாவும் அவ்வாறே நம்மை நோக்கிப் பேசுவனவாக அமைய அல்லாஹ் நல்லருள் புரிவானாக!