பூட்டைச் சோதிப்பவர்

திருடனின் வித்தையைக் கற்றவர் திருடராகாமல் இருப்பது எதனால்? பழைய கேள்விதான், ஆனால் கணினி இதனை ஒரு தொழிலின் அன்றாடக் கேள்வியாகவே ஆக்கிவிட்டது.

அத்தொழிலின் பெயர் ஊடுருவல் சோதனை. வங்கியோ மருத்துவமனையோ தன் இணையதளத்தை உடைத்துப் பார்க்குமாறு ஒருவரை அமர்த்துகிறது. கயவர் செய்யக்கூடியதையெல்லாம் அவர் செய்து பார்த்து, கண்ட ஓட்டைகளை அறிக்கையாக எழுதித் தருகிறார். எந்த நிறுவனத்திலும் சம்பளத்திற்கு அமராமல், தனித்தே இத்தொழில் செய்வோரும் உண்டு.

செயல் ஒன்றாயின் வேறுபாடு யாது? அனுமதி என்பர். ஆனால் அனுமதி தரும் உரிமை எவருடையது? 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நீதிமன்றக் கட்டடமொன்றின் காவலைச் சோதிக்க இரவில் நுழைந்த இருவர் கைதாயினர். அவர்கள் பணிபுரிந்த நிறுவனத்தை மாநில நீதித்துறை நிர்வாகமே அமர்த்தியிருந்தது. அனுமதிக் கடிதமும் அவர்கள் கையில் இருந்தது. கட்டடமோ உள்ளூர் நிர்வாகத்துக்குரியது. அதன் காவல் தலைவர் கடிதத்தை ஏற்கவில்லை. 2020 ஜனவரியில்தான் வழக்குக் கைவிடப்பட்டது. அவர்களுக்கு ஒரு நிறுவனத்தின் துணையேனும் இருந்தது. தனித்தவருக்கோ அந்தக் காகிதம் ஒன்றே அரண்.

எனினும் காகிதம் தீர்க்காத கேள்வி ஒன்று உண்டு. மருத்துவமனைத் தளமொன்றைச் சோதிப்பவர் தம் பெயரிலுள்ள பக்கத்தைத் திறக்கிறார். முகவரியின் இறுதியில் ஓர் எண். அதை ஒன்று கூட்டுகிறார். முன்பின் அறியாத ஒரு பெண்மணியின் நோய்க்குறிப்பு திரையில் விரிகிறது. இஃது அரிய வித்தையன்று. ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பத்துப் பெருங்குறைகளின் பட்டியலில் இவ்வினக் குறைகளே முதலிடம் பெற்றன. தளத்தின் உரிமையாளர் அனுமதித்தார், உண்மை. அப்பெண்மணி அனுமதித்தாரா? சோதனை நடப்பதே அவருக்குத் தெரியாதே!

கூலி கொடுத்தவருக்கு உண்மையாய் இருந்தால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். போதாது. ஒப்பந்தத்தில் அப்பெண்மணியின் பெயர் இல்லை. ஆயினும் காக்கப்பட வேண்டியது அவருடைய மானமே. ஓர் ஏட்டைக் கண்டவுடன் குறை மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் ஏட்டைத் திறப்பது சோதனையன்று, வேடிக்கை. நெறியறிந்தவர் முதலிலேயே இரு கணக்குகளைத் தாமே உருவாக்கி, ஒன்றிலிருந்து மற்றதை எட்ட முடிகிறதா என்று பார்ப்பார். பிறர் ஏட்டைத் தொடவே தேவை எழாது.

இன்னொரு சோதனை அறிக்கை எழுதும்போது வரும். "குறையின் கடுமையைச் சற்றே குறைத்து எழுதுங்கள்" என்று கூலி தருபவர் கேட்கக்கூடும். அடுத்த வேலையும் அவர் கையில்தான். நிறுவனமாயின் மறுப்பதற்கு மேலதிகாரி இருப்பார். தனித்தவர் தாமே மறுக்க வேண்டும். அதன் இழப்பையும் தாமே தாங்க வேண்டும். அவர் பணிந்துவிட்டால், அப்பெண்மணியின் ஏடு திறந்தபடியே கிடக்கும்.

அமானிதம் நம் இல்லங்களில் பழகிய சொல். நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்த பொருளைக் காக்கிறோம். அவர் கேட்பார் என்ற அச்சமும் நம்மைக் காக்கிறது. தம் பொருள் யார் கையில் இருக்கிறது என்பதையே அறியாதவர் ஒருநாளும் கேட்கப்போவதில்லை. அவருடைய அமானிதத்தையும் பேணுபவரே, திருடனின் வித்தையைக் கற்றும் திருடராகாதவர்.