தூரத்தை யார் சுமப்பது?

வீடு மாறுவது ஒரு தர்மக் கேள்வியா? கேட்டால் பலரும் சிரிப்பார்கள். வீடு என்றால் விலை, வங்கிக் கடன், வாஸ்து, பக்கத்தில் என்ன பள்ளி, வழியில் எத்தனை டோல். இதில் தர்மம் எங்கிருந்து வந்தது என்பார்கள். பொய் சொல்லலாமா, லஞ்சம் கொடுக்கலாமா என்பவைதான் தர்மக் கேள்விகள் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒரு வீட்டில் இருக்கும் எல்லாரும் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், யாரோடு பேசிப் பழக வேண்டும், எந்த மொழியில் படிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரே கையெழுத்தில் மாற்றிவிடும் முடிவு இது. அப்படிப்பட்ட முடிவில் நியாயம், அநியாயம் இல்லாமலா இருக்கும்?

எங்கள் வீட்டில் இப்போது இந்தப் பேச்சுதான் ஓடுகிறது. அக்கா குடும்பம் செந்தூலில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறது. இரண்டு அறை. பாட்டி ஹாலில் படுக்கிறார். அக்காவுக்கு நகர மையத்தில் வேலை; எல்.ஆர்.டி. பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் பாங்கியில் தொழிற்சாலை வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலையில் போய் வருகிறார். மகளுக்கு வயது ஆறு. அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு. இப்போது செமினியில் ஒரு புதிய தாமானில் மூன்று அறை டெரஸ் வீடு பார்த்திருக்கிறார்கள். செந்தூலில் பழைய ஃப்ளாட் வாங்கும் காசுக்கு அங்கே முன்வாசலோடு தரைவீடே கிடைக்கிறது.

நான் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறவன் என்பதால், "நீ ஒரு கணக்குப் போட்டுக் குடுடா" என்று அக்கா என்னிடம் விட்டார். விலை, தவணை, பெட்ரோல், டோல் எல்லாம் போட்டேன். செமினிதான் ஜெயித்தது. பிறகு பணத்தை விட்டுவிட்டு நேரத்தைத் தனியாக எழுதிப் பார்த்தேன்.

இப்போது, போக வர, மாமாவுக்கு ஒரு நாளைக்கு 150 நிமிடம். அக்காவுக்கு 50. பள்ளிக்கு நடந்து போனால் பாப்பாவுக்கு 20. செமினிக்குப் போனால் மாமாவுக்கு 50 நிமிடம் போதும். அக்கா காஜாங் வரை காரில் போய், எம்.ஆர்.டி. ஏறி, இறங்கி நடந்து போக வேண்டும்: 160 நிமிடம். பாப்பாவுக்குப் பள்ளி வேனில் 60. மொத்தம் 220 ஆக இருந்தது 270 ஆகிறது. கூடுவது 50 நிமிடம்தானே, பெரிய வீட்டுக்கு அது ஒரு விலையா என்று தோன்றும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

ஆளுக்கு ஆள் பாருங்கள். மாமாவுக்கு 100 நிமிடம் மிச்சம். அக்காவுக்கு 110 நிமிடம் கூடுதல். மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 40 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு வாரத்து வேலை நேரத்தை அக்கா சம்பளம் இல்லாமல் சாலையிலும் ரயிலிலும் கொடுக்கிறார். மாமாவின் தூரம் குறைந்ததே தவிர அழியவில்லை. கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பாட்டி இந்தக் கணக்கிலேயே வரவில்லை. அவர் வேலைக்கும் போவதில்லை, பள்ளிக்கும் போவதில்லை. ஆனால் தினமும் காலையில் கோயிலுக்கு நடந்து போகிறார். வழியில் நாலு பேரோடு பேசுகிறார். புதுத் தாமானில் கோயிலுக்குப் போக யாராவது கார் எடுக்க வேண்டும். அந்த இழப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மாமா பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மழையில் லாரிகளுக்கு நடுவே அவர் வரும் ஒவ்வொரு மாலையும் வீட்டில் எல்லாருக்கும் பயம். அவருடைய 150 நிமிடமும் அக்காவின் 160 நிமிடமும் ஒரே எடை இல்லை. ஒன்றில் உயிர் ஆபத்து இருக்கிறது. மற்றதில், வீட்டுக்கு வந்த பிறகு சமையல் காத்திருக்கிறது. நிமிடத்தை மட்டும் எண்ணினால் நியாயம் கிடைத்துவிடாது. ஆனால் எண்ணாமலே விட்டால் யார் சுமக்கிறார் என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

எங்கள் பாடத்தில் ஒரு விஷயம் சொல்லித் தருவார்கள். பல உறுப்புகள் சேர்ந்து ஒரு பாரத்தைத் தாங்கும் கட்டமைப்பில், பாரம் எல்லாவற்றுக்கும் சமமாகப் போகாது. எது அதிகம் வளையாமல் விறைப்பாக நிற்கிறதோ, அதுதான் அதிக பாரத்தை இழுத்துக்கொள்ளும். நம் குடும்பங்களும் அப்படித்தான். "எனக்குப் பரவால்ல" என்று யார் சொல்கிறாரோ அவரிடமே பாரம் போய்ச் சேர்கிறது. பாட்டியிடம் கேட்டபோது, "எனக்கு எங்க இருந்தா என்னய்யா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது சுலபம். ஆனால் வளையாத உறுப்பைத்தான் பொறியாளர் முதலில் சரிபார்க்க வேண்டும். சத்தம் போடாமல் நிற்கும் அது, தாங்க முடியாத அளவு வந்தால் முன்கூட்டிச் சொல்லாமலே உடையலாம்.

பிள்ளைக்காக என்ற வார்த்தை

வீடு மாறும் பேச்சில் எல்லா வாதத்தையும் முடித்து வைக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது: "பிள்ளைக்காக". நல்ல பள்ளி, நல்ல சூழல், ஓட இடம். இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தேவையானது எது என்று கொஞ்சம் நின்று யோசிக்கலாம். ஆரம்பப் பள்ளி ஆறு ஆண்டு. வீட்டுக் கடன் 35 ஆண்டு வரை போகும். ஆறு ஆண்டுத் தேவையைக் காரணம் காட்டி 35 ஆண்டு முடிவை எடுக்கிறோம். அவளுக்குத் தனி அறை கிடைக்கிறது. அம்மா ஏழரை மணிக்குத்தான் வீடு வந்து சேர்வார் என்பதும் அதோடு சேர்ந்தே கிடைக்கிறது.

எந்தப் பள்ளி என்பது அடுத்த கேள்வி. செந்தூலில் தமிழ்ப்பள்ளிக்கு நடந்தே போகலாம். புதிய தாமானிலிருந்து தேசியப் பள்ளி இரண்டு தெரு தள்ளி. தமிழ்ப்பள்ளி வேன் தூரத்தில், முன்பு தோட்டமாக இருந்த பக்கம். இந்தத் தூரத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அதனால் பிள்ளைகள் இருந்த இடத்தில் பள்ளி எழுந்தது. பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன, துண்டாடப்பட்டன, தாமான்களாயின. மக்கள் நகர்ந்தார்கள். பல பள்ளிகள் நின்ற இடத்திலேயே நின்றன. இன்று நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றில் 150 மாணவர்கள்கூட இல்லை. "குறைந்த மாணவர் பள்ளி" என்று அவற்றுக்குத் தனிப் பெயரே உண்டு.

அப்படியானால் பள்ளியைக் காப்பாற்ற என் அக்கா மகள் வேனில் போக வேண்டுமா? ஒரு பிள்ளையைச் சமூகத்தின் எண்ணிக்கைக்காகப் பயன்படுத்துவது சரியில்லை என்பது என் கருத்து. அவள் ஒரு தலைக்கணக்கு அல்ல. அவளுக்கு எது நல்லது என்பதே முதல் கேள்வி. ஆனால் அந்த நல்லதுக்குள் என்னென்ன அடங்கும் என்பதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். பாட்டியோடு தமிழில் பேசுவது மட்டுமல்ல, தமிழை வாசிக்கத் தெரிவது, தேவாரத்தைப் பார்த்துப் பாடத் தெரிவது, இதெல்லாம் அவளுக்குச் சேர வேண்டிய சொத்து. பக்கத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அப்போது அந்தச் சொத்தை வேறு வழியில் யார் சேர்ப்பது என்றும் முடிவு செய்ய வேண்டும். "வீட்லயே கத்துக் குடுத்துக்கலாம்" என்றால், எந்த நேரத்தில்? அந்த நேரத்தைத்தான் எம்.ஆர்.டி.க்குக் கொடுத்துவிட்டோமே.

எல்லாம் பக்கத்தில் இருந்த காலம்

அப்படியென்றால் எல்லாம் பக்கத்தில் இருப்பதே நல்ல வாழ்க்கையா? பாட்டி பிறந்தது காஜாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்து வீடு, பிரட்டுக் களம், பள்ளி, கோயில், எல்லாம் நடக்கும் தூரம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. பாட்டியே அதை உடைத்துவிட்டார்: "பக்கந்தான்யா எல்லாம். தொரயும் கிராணியும் கூடப் பக்கந்தான்." வேலை போனால் வீடும் போகும். பள்ளி ஆறாம் ஆண்டோடு முடியும். எல்லாம் பக்கத்தில் இருந்ததற்குக் காரணம், யாரும் வெளியே போக வேண்டியதில்லை என்று வேறு யாரோ முடிவு செய்ததுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க வேண்டும் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த மாதிரி வழி கிடைக்காத குடும்பங்கள் மூட்டையைக் கட்டின. பாட்டி குடும்பம் அப்படித்தான் கோலாலம்பூருக்கு வந்தது. அந்தக் காலி செய்த நாளில் அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஆகவே தூரமே கெட்டது என்று சொல்ல முடியாது. தூரம் போக முடிந்ததால்தான் அக்கா படித்தார், நான் பல்கலைக்கழகம் வந்தேன். பக்கமா, தூரமா என்பது அல்ல விஷயம். யார் முடிவு செய்தார், யார் சுமக்கிறார், இந்த இரண்டு பேரும் ஒருவரேயா என்பதுதான்.

இராமாயணத்தில் வீடு தேடும் இடம் ஒன்று வருகிறது. பஞ்சவடிக்கு வந்ததும் இராமன் இலக்குவனிடம் குடில் போட இடம் பார்க்கச் சொல்கிறான். வால்மீகி சொல்வதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. எந்த இடத்தில் சீதையும் நீயும் நானும் மகிழ்ந்திருப்போமோ அப்படி ஓர் இடம், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும் என்ற கருத்தில் இராமன் பேசுகிறான். ஆள் ஆளாகச் சொல்கிறான், தன்னைக் கடைசியில் வைக்கிறான். "குடும்பத்துக்கு" என்று பொதுவாகச் சொல்லி முடிக்கவில்லை. இரண்டாவது, காட்டுக்கு வருவதே சீதை வாதாடி வாங்கிய முடிவு. வேண்டாம் என்று சொன்ன கணவனிடம் காரணம் சொல்லி ஜெயித்தவள் அவள். கஷ்டம் குறைவாக இருந்தது என்பதற்காக அல்ல, சுமப்பவளுக்கும் பேச்சு இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் அட்டவணையை மாமாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்போ எனக்கு மிச்சமாகுற நூறு நிமிஷம் என்னோடது இல்ல, உங்க அக்காவோடது" என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைத்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஒருவர் இழந்ததால் இன்னொருவருக்குக் கிடைத்த நேரம் லாபம் அல்ல, கடன். வங்கிக் கடனுக்குத் தேதி தவறாமல் தவணை கட்டுகிற நாம், வீட்டுக்குள் இருக்கும் இந்தக் கடனை மறந்துவிடுகிறோம். மாமா கட்டப் போகும் தவணை என்ன? மாலைச் சமையல் அவருடையது. பாப்பாவின் தமிழ்ப் பாடம் அவருடையது. பாட்டியை வெள்ளிக்கிழமை செந்தூல் கோயிலுக்குக் கூட்டிப் போவது அவருடையது. இதை வாயால் மட்டும் சொல்லாமல் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு முன்பணம் கட்ட மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. காஜாங் ரயில் நிலையம் பக்கம் சின்ன வீடாகப் பார்த்தால் அக்காவின் தூரம் குறையுமா என்றும் தேடுகிறார்கள். பாட்டியிடம் இந்த முறை "வரீங்களா?" என்று கேட்கவில்லை. "அங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். நடக்கும் தூரத்தில் ஒரு கோயில், பேச நாலு பேர் என்றார். "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்ன அதே பாட்டிதான்.

நண்பர்களே, நம்மில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் நம் பெயரில் வீடு வாங்கக் கையெழுத்துப் போடுவோம். மேம்பாட்டாளரின் விளம்பரத்தில் நகரம் "நிமிடங்களில்" வந்துவிடும். யாருடைய நிமிடங்கள் என்று அதில் போட்டிருக்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும். இந்தத் தூரத்தை யார் சுமக்கப் போகிறார்? அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடிந்ததா? அவர் சுமப்பதற்கு நாம் என்ன திருப்பிக் கொடுக்கப் போகிறோம்?

இன்னொரு வேலையும் நமக்கு இருக்கிறது. குடும்பங்கள் புதுத் தாமான்களுக்குப் போய்விட்டன. நாம் நடத்தும் ஞாயிறு சமய வகுப்புகள் பலவும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஒரு தாமானில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் அங்கே ஒரு வகுப்பு, யார் வீட்டு முன்வாசலாக இருந்தாலும் சரி. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி போக வேண்டும் என்று ஒரு காலத்தில் சட்டம் சொன்னது. இப்போது சொல்லச் சட்டம் தேவையில்லை. கார் சாவி இருக்கும் நாலு இளைஞர்கள் போதும். கொஞ்சம் தூரத்தை நாமும் சுமக்கலாம்.