அந்த இடத்தில் மட்டும் வேண்டாம்



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறன்று இரண்டாம் பூசை முடிந்து, நான் பூசை உடுப்பைக் களைந்துகொண்டிருக்கையில், நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கோவில் பின்னறை வாசலில் வந்து நின்றார். கையில் நாலாய் மடித்த ஒரு காகிதம். வாங்கிப் பார்த்தேன், ஆட்சேப மனு. அவருடைய ஊரில் கடைத்தெருவை ஒட்டி முஸ்லிம் ஜமாஅத்தார் ஒரு மனை வாங்கியிருக்கிறார்கள். கலியாணத்துக்கு ஒரு மண்டபம், மாடியில் பிள்ளைகள் படிக்க ஒரு நூலகம், ஓரத்தில் தொழுகைக்கு ஓர் அறை, இவ்வளவும் சேர்ந்த சமுதாயக் கூடம் கட்டுவது அவர்கள் எண்ணம். அதை அங்கே கட்ட அனுமதிக்கலாகாது என்று ஆட்சித்தலைவருக்கு எழுதப்பட்ட மனு அது.

"அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, சாமி. நடவுக் காலத்தில் அவர்கள் கடையில்தான் கடனுக்குச் சாமான் எடுக்கிறேன். நன்றாகக் கட்டிக்கொள்ளட்டும். அந்த இடத்தில் மட்டும் வேண்டாம் என்கிறோம். ஊரார் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் பாவமா?" என்றார்.

அன்று நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. ஊரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் கேள்வி ஒருவருடையது அல்ல என்பதால், இந்தப் பத்திரிகையில் எழுதுவதாகச் சொல்லி அனுப்பினேன்.

எளியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாசன வாய்க்காலை அடைத்துக் கட்டினால் ஆட்சேபிக்கலாம். கலியாண நாளில் வண்டிகள் நிற்க இடமின்றித் தெரு அடைபடுமானால் ஆட்சேபிக்கலாம். இதற்கு ஜாதி மதம் கிடையாது. அதே மனையில் ஒரு நகைக்கடையோ, நம் பங்கின் கலியாண மண்டபமோ வருவதாயிருந்தால் இதே மனுவில் கையொப்பம் வைப்பீர்களா? வைப்பீர்களானால் தாராளமாய் வையுங்கள். வைக்கமாட்டீர்களானால், வாய்க்கால் ஒரு சாக்கு. பெரியவர் கொண்டுவந்த மனுவை இரண்டு முறை வாசித்தேன். வாய்க்காலைப் பற்றி ஒரே ஒரு வரி. மீதி முழுவதும் "ஊர் அமைதி கெடும்" என்பதே.

யார் கெடுப்பார்கள்? கட்டுகிறவர்களா, கையொப்பமிடுகிறவர்களா? தாங்களே கோபப்படப் போகிறவர்கள், தங்கள் கோபத்தையே சாட்சியாக வைத்து அடுத்தவனுடைய உரிமையை நிறுத்தச் சொல்வது விசித்திரமான நியாயம். நமக்குப் பக்கத்துப் பெரம்பலூர் ஜில்லாவில் வி. களத்தூரில் இது தலைகீழாக நடந்தது. அங்கே முஸ்லிம்கள் மிகுதி. கோவில் திருவிழா ஊர்வலம் தங்கள் தெருக்களில் வரக்கூடாதென்று அவர்கள் ஆட்சேபித்தார்கள். ஒரு பகுதியில் ஒரு மதத்தார் மிகுதியாயிருப்பதனால் மட்டும் மற்றவர்களின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. அதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் எல்லாரும் இந்த மனுவையும் அதே படியால் அளக்க வேண்டும்.

எல்லா நீதிமன்றமும் ஒன்றுபோலச் சொல்வதில்லை என்பதும் மெய்யே. கேரளத்தில் நிலம்பூரை அடுத்த அமரம்பலத்தில், நூருல் இஸ்லாம் கலாசார சங்கத்தார் ஒரு வியாபாரக் கட்டிடத்தைத் தொழுகைக்கூடமாக மாற்ற அனுமதி கேட்டார்கள். ஆட்சித்தலைவர் மறுத்தார். கேரள உயர்நீதிமன்ற நீதிபதி பி. வி. குஞ்ஞிகிருஷ்ணன் 2022 ஆகஸ்டில் அந்த மறுப்பைச் சரியென்றார். ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் ஏற்கெனவே 36 பள்ளிவாசல்கள் இருக்கையில் இன்னொன்று எதற்கு என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மதங்களைப் பொதுவாக வைத்தே அவர் பேசினார். மூலைக்கு மூலை ஜெபவீடு எழும்பினால் நாடு தாங்காது என்ற அவருடைய கவலை அறிவீனமான கவலையும் அல்ல. ஆயினும் அந்தக் கணக்கு என் மனதுக்கு ஒப்பவில்லை. அதைக் கும்பகோணத்தில் போட்டுப் பாருங்கள், எத்தனை கோவில்கள் மிஞ்சும்? வேளாங்கண்ணியில் போட்டுப் பார்க்க எனக்கே தைரியமில்லை. ஐந்து கிலோமீட்டர் என்பது மோட்டார் வண்டிக்காரனுக்கு ஒரு தூரம், தள்ளாத கிழவனுக்கு வேறு தூரம்.

சட்டத்தை நீதிமான்களுக்கு விட்டுவிட்டு மனச்சாட்சிக்கு வருவோம். பெரியவருடைய கேள்வியில் ஒரு பாதி நல்ல பாதி. "உரிமை அவர்களுக்கு இருக்கலாம்; ஆனால் அயலான் மனம் நோகும் என்று தெரிந்தும் அதைப் பிடிவாதமாய்ச் செலுத்துவது அழகா?" இதை அற்பமாய்த் தள்ளக்கூடாது. விக்கிரகத்துக்குப் படைத்த மாமிசத்தைப் பற்றி அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதும் இதுவே: தின்னத் தடையில்லை என்றாலும், பலவீனமான சகோதரன் இடறுவானாகில் விட்டுவிடலாம்.

இந்த இடத்தில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் ஒரு நுணுக்கம் காட்டுகிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது வெறும் பரீட்சைப் பாடமாய்த் தோன்றியது. இப்போதுதான் அதன் பிரயோசனம் தெரிகிறது. இடறல் இரண்டு வகை. ஒன்று சிறியோர் படும் இடறல். அறியாமையாலும் பலவீனத்தாலும் வருவது. மற்றது பரிசேயர் படும் இடறல். கெட்ட மனதால் வருவது. சிறியோர் இடறினால், அவர்களுக்கு விளக்கம் சொல்லித் தீரும்வரை நற்செயலையும் சற்றே ஒத்திவைக்கலாம், மறைவாகவும் செய்யலாம். விளக்கம் சொன்ன பிறகும் இடறல் தீரவில்லை என்றால், அது கெட்ட மனதிலிருந்து வருவதாகவே தோன்றும். அதற்காக நற்செயலை விடவேண்டியதில்லை. ஆகையால் மனம் நோகிறவனுக்குக் கிடைக்க வேண்டியது ஒரு விளக்கம், கொஞ்சம் பொறுமை. என்றென்றைக்கும் தடுக்கிற அதிகாரம் அவனுக்கு இல்லை. அதோடு, விளக்கம் வேண்டுமென்றால் நோகிறவனும் போய்க் கேட்கவேண்டுமே! மனு எழுதுகிறவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்?

இந்த வழக்கு உலகறிய நடந்தது அமெரிக்காவில். நியூயார்க் பட்டணத்தில் 2001 செப்டம்பர் 11-ல் தகர்க்கப்பட்ட இரட்டைக் கோபுரங்களின் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு முஸ்லிம் சமுதாய மையம் கட்ட 2010-ல் திட்டமிட்டார்கள். நம் பெரியவர் சொன்ன அதே வார்த்தையைத்தான் அங்கும் சொன்னார்கள்: கட்டுங்கள், அங்கே மட்டும் வேண்டாம். மாண்டவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதைப் பலர் மறந்தே போனார்கள். கொலைகாரர்களின் பாவத்தை அதே வேதத்தைச் சொல்லும் எல்லார் தலையிலும் இறக்கினாலன்றி, இரண்டு தெரு கிட்டம், பத்துத் தெரு தூரம் என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை.

அந்த மனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நம்முடைய அர்ச். இராயப்பர் கோவில் நிற்கிறது. நியூயார்க் கத்தோலிக்கரின் முதற்பங்கு அது, 1785-ல் தோன்றியது. பட்டணத்தின் நடுவே கட்ட அவர்கள் எண்ணியதை அதிகாரிகள் விரும்பாததால், அந்நாளில் ஊர்ப்புறமாயிருந்த அந்த இடத்துக்குப் போனார்கள். ஸ்பானிய அரசர் மூன்றாம் சார்லஸ் ஆயிரம் டாலர் கொடுத்து உதவினார். அந்நிய நாட்டுப் பணம் என்ற சந்தேகம் அன்று நம் மேல் விழுந்தது. 1806-ல் கர்த்தர் பிறந்த திருநாளுக்கு முந்தின இரவு, பாப்பு மார்க்கத்தை வெறுத்தவர்கள் கோவிலைச் சூழ்ந்துகொண்டதில் கலகமாகி, காவற்காரர் ஒருவர் மாண்டார். கோபுரங்கள் இடிந்த நாளில், தீயணைப்புப் படையின் ஆன்ம குருவான பிரான்சிஸ்கு சபைச் சுவாமி மைக்கேல் ஜட்ஜ் அவர்களின் உடலைச் சுமந்துவந்து கிடத்தியது அதே கோவிலின் பீடத்தின் முன்தான்.

அந்த வாக்குவாதத்தில் நியூயார்க் அதிமேற்றிராணியார் டோலன் ஆண்டகை ஓர் உதாரணம் காட்டினார். போலந்தில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் சுவரை ஒட்டி ஒரு பழைய கட்டிடத்தில் கார்மேல் கன்னியர் 1984-ல் மடம் அமைத்து, மாண்டவர்களுக்காக ஜெபித்து வந்தார்கள். யூதர்கள் வருந்தினார்கள். 1993-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், கன்னியரை இடம் மாறும்படி கேட்டுக்கொண்டார். நம்மவர்கள் விட்டுக்கொடுத்தார்களே, இவர்களும் விட்டுக்கொடுத்தால் என்ன?

இந்த உதாரணம் என்னைச் சில நாள் அலைக்கழித்தது என்பதை ஒளிக்கவில்லை. பிறகு எனக்குப் பட்டது இது. போலந்தில் கத்தோலிக்கர் பெரும்பான்மையோர். யூதர்களோ அழிவில் தப்பிய மிச்சம். அங்கே பெரியவன் சிறியவனுக்காக ஒதுங்கினான். ஒதுங்கச் சொன்னதும் தன் சொந்தத் தகப்பன். நியூயார்க்கிலும் இந்தப் பெரியவர் ஊரிலும் சிறியவனை ஒதுங்கச் சொல்கிறார்கள். தன் சட்டையைத் தானே கழற்றிக் கொடுப்பது தர்மம். அடுத்தவன் சட்டையைக் கழற்றி, தர்மம் செய் என்றால் அதற்குப் பெயர் வேறு. அந்த நியூயார்க் மையம் திட்டமிட்டபடி எழும்பவேயில்லை. பணக்காரர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு நிலம் போயிற்று. அதை யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

தூரதேசம் எதற்கு, நம் நாகப்பட்டினமே போதும். ஸ்ரீவிஜய மன்னன் அங்கே எழுப்பிய பௌத்த விகாரைக்குச் சைவனான இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே விட்டுக்கொடுத்தான்; அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து தேசத்து லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. நாகூர் தர்காவில் எல்லாவற்றிலும் உயரமான மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். இவற்றைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். மற்றதையும் சொல்லவேண்டும். நாகப்பட்டினத்தில் அந்தப் பௌத்தர்களின் ஞாபகமாய் நின்ற செங்கற் கோபுரம் 1867-ல் இடிக்கப்பட்டது. அரசாங்கத்தின் அனுமதி பெற்று இடித்தவர்கள் நம் சேசு சபைக் குருக்கள். தங்கள் கல்விச்சாலைக் கட்டிடத்துக்காக. பாழடைந்த கோபுரம்தான், கும்பிட ஆளில்லாததுதான், சட்டப்படி அனுமதி உள்ளதுதான். கல்விச்சாலையோ 1883-ல் திருச்சிக்குப் போய்விட்டது. சட்டம் நம் பக்கம் இருப்பதும் நியாயம் நம் பக்கம் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு வேறு உதாரணம் தேடி நான் அலையவில்லை.

"சர்வேசுரன் எங்கும் இருக்கிறாரே, எங்கே தொழுதால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். சமாரியப் பெண்ணுக்கு நம் ஆண்டவர் சொன்னது அதுவே. ஆனால் அவர் அந்தச் சமாரியர் மலையை மட்டும் சொல்லவில்லை, தம்முடைய ஜெருசலேமையும் சேர்த்தே சொன்னார். நம் கோவிலை இரண்டு தெரு தள்ளி வைக்கச் சம்மதிக்கிறவன் இந்த வசனத்தை எடுக்கட்டும். வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ல் வேத சுதந்திரத்தைப் பற்றி அறிக்கையிட்டபோது, எந்த மதச் சமூகமும் தன் வழிபாட்டுக்குக் கட்டிடம் எழுப்புவதைத் தடுக்கலாகாது என்று நமக்கு மட்டும் என்று வைத்துச் சொல்லவில்லை.

பாவமா என்று கேட்டாரே, பெரியவர். காரணம் மெய்யானால் பாவமில்லை. வாய்க்கால் என்று எழுதி வெறுப்பை வைத்து ஒப்பமிட்டால் அது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பொய்ச்சாட்சி. இதைச் சொன்னபின், "முத்தவல்லியாரை நேரில் பார்த்து, தண்ணீர் எங்கே வடியும், வண்டிகள் எங்கே நிற்கும், ஒலிபெருக்கி வைப்பார்களா என்று கேளுங்கள், பிறகு மனசாட்சி சொல்கிறபடி செய்யுங்கள்" என்றேன்.

"நான் தனியாக எப்படிச் சாமி போவது?" என்றார்.

வருகிற வியாழக்கிழமை அவரோடு நானும் போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் மாலை ஐந்து மணிக்குக் கோவில் வாசலில் நிற்கவும். மனு இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.