ஆலோசனையும் ஓர் அமானிதமே

 

புகழனைத்தும் அல்லாஹுத் தஆலாவுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நமது நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள சூலியா பள்ளிவாசலின் வாயிலில் நாம் நின்றுகொண்டிருந்தபோது, ஓர் இளைஞர் ஸலாம் கூறி நம்மைத் தனியே அழைத்தார். ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்தில் இருந்தவர். அதை விட்டு விலகி, யாரிடமும் வேலை பாராமல் தாமே ‘மார்க்கெட்டிங் ஆலோசகராக’ நடத்தி வருகிறார். அவருக்குக் கடையில்லை, கிட்டங்கியில்லை, தோளில் தொங்கும் பையும் அதிலுள்ள மடிக்கணினியுமே அவருடைய முதல். காலையில் ஒரு மளிகைக்காரருக்குப் பொட்டலத்தின் மேல் என்ன எழுதலாம் என்று யோசனை சொல்வார். மதியம் ஓர் உணவுக்கடைக்காரருக்கு விளம்பரம் எழுதுவார். மாலையில் எங்கே சங்கக் கூட்டமோ, யார் வீட்டு நிக்காஹ் விருந்தோ, அங்கே சென்று நாலு பேருக்கு ஸலாம் சொல்லித் தம் பெயர்ச்சீட்டைக் கொடுப்பார். ஒரு மாதம் கை நிறைய வரும். மறு மாதம் வெறுங்கைதான்.

அவர் கேட்ட கேள்வி இதுதான். ஒரு மசாலா வியாபாரி தமது புதிய சரக்குக்குப் பை அச்சடிக்க நல்ல அச்சகம் ஒன்றைப் பார்த்துச் சொல்லும்படி அவரிடம் ஒப்படைத்திருந்தார். அவர் போய் விசாரித்த அச்சகத்தாரோ, “வேலையை எங்களுக்கே கொண்டு வாருங்கள், நூற்றுக்கு 10 வீதம் உங்களுக்குத் தனியாகத் தந்துவிடுகிறோம், முதலாளிக்குத் தெரிய வேண்டியதில்லை” என்றார்களாம். “அவர்கள் தங்கள் லாபத்திலிருந்துதானே தருகிறார்கள்? முதலாளிக்கு என்ன நஷ்டம்? 2 மாதமாக வீட்டு வாடகை பாக்கி நிற்கிறது. இது எனக்கு ஹலாலாகுமா?” என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

நாம் ஃபத்வா வழங்கும் ஆலிம்களல்லர். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, நாம் படித்தும் கேட்டும் அறிந்ததை மட்டும் அவருக்கு எடுத்துரைத்தோம். அதையே இங்கு உங்கள் முன்னும் வைக்கிறோம்.

முதலாவது, அவருடைய தொழில் இழிவான தொழிலல்ல. மதீனாவின் சந்தையில் தரகு பார்த்தவர்களை ஜனங்கள் ‘ஸமாஸிரா’ என்று அழைத்து வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைக் கடந்து சென்றபோது, அதைவிட அழகிய பெயராக, வியாபாரிகளே என்று அழைத்தார்கள். அத்துடன், வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமிடுதலும் கலந்துவிடுவதால் அதோடு தர்மத்தையும் கலந்துகொள்ளுமாறு புத்தி சொன்னார்கள். தரகுக் கூலி வாங்குவதில் குற்றமில்லையென்று இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் ஆகிய முன்னோர்கள் கருதியதை இமாம் புகாரி அவர்கள் தமது ஹதீஸ் தொகுப்பிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே நாவினாலும் அறிவினாலும் உழைத்து, பேசிக்கொண்ட கூலியைப் பெறுவது நேரான சம்பாத்தியமே.

ஆனால் மறைவாகக் கை மாறும் பணத்தின் சங்கதி வேறு. நாயகம் (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைச் சுட்டி இது உங்களுக்குரியதென்றும், மறு பகுதியைச் சுட்டி இது எனக்கு அன்பளிப்பாக வந்ததென்றும் கூறினார். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பர் மீதேறி, அந்த மனிதர் தம் தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று எல்லோர் முன்னிலையிலும் வினவினார்கள்.

சகோதரர்களே! இதைவிடத் தெளிவான உரைகல் வேறென்ன வேண்டும்? அவ்விளைஞரிடமும் இதையே கேட்டோம். “தம்பி, நீங்கள் உங்கள் உம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அச்சகத்தார் 10 வீதத்தைக் கொண்டு வந்து தருவார்களா? முதலாளி உங்கள் மீது வைத்த நம்பிக்கைக்குத்தானே அவர்கள் விலை பேசுகிறார்கள்? அந்த நம்பிக்கை உங்கள் சொத்தா, அவருடைய அமானிதமா?” அவர் பதில் சொல்லவில்லை, தலை குனிந்தார்.

யோசனை கேட்கப்படுபவர் நம்பி ஒப்படைக்கப்பட்டவராவார் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அந்த 10 வீதம் எங்கிருந்தோ வந்து குதிப்பதுமில்லை. பையின் விலையில் ஏறி, முதலாளியின் பெட்டியிலிருந்தே போகிறது. உலகச் சட்டமும் இதை அலட்சியம் செய்யவில்லை. சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டமும், மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டமும் சர்க்கார் ஊழியரோடு நிற்பவையல்ல. தனியார் வியாபாரத்தில் ஒருவருக்காகக் காரியம் பார்ப்பவர் முறைகேடாகப் பெறும் கையூட்டையும் அவை குற்றமென்றே கொள்கின்றன.

இரண்டாவது, நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பதைப் பற்றியது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி திருமறையின் ஜும்ஆ அத்தியாயம் நமக்கு அனுமதியளிக்கிறது. கூடவே அவனை அதிகமாக நினைவுகூரவும் சொல்கிறது. ஹிஜ்ரத் செய்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி மட்டும் கேட்டார்கள். கைனுகா சந்தையைக் காட்டினார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று முன்னுக்கு வந்தார்கள். வழி காட்டுவதே ஒருவர் மற்றவருக்குச் செய்யும் பெரிய உபகாரம் என்பது இதனால் விளங்குகிறது.

நம் முன்னோரும் இப்படித்தான் வந்தார்கள். 1950களில் ரஜூலா கப்பலில் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வந்திறங்கிய பிள்ளைக்கு ஊர்க்காரர் ஒருவர் சொல்லும் வார்த்தையே ஜாமீன். அவர் சொன்னால் வேலை கிடைக்கும். கடனுக்குச் சரக்கும் கிடைக்கும். அந்த வார்த்தை பொய்த்தால் அவரே தலை குனிய வேண்டும். ஆகையால் அளந்துதான் சொல்வார்கள். இன்றோ கைப்பேசியில் ஆயிரம் பேருடைய எண் இருக்கிறது. ஒரு முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலை மற்றவருக்குக் கொடுப்பதும், நிக்காஹ் அழைப்புக்குத் திரட்டிய எண்களுக்கு விளம்பரம் அனுப்புவதும் சிலருக்குச் சாதாரணமாகிவிட்டது. அந்த எண்களும் அமானிதமே. சாப்பிட்டே பார்க்காத உணவைச் சாப்பிட்டதாகப் புகழ்ந்து எழுதச் செய்வதோ, தானியக் குவியலின் மேலே காய்ந்ததை வைத்து உள்ளே ஈரத்தை மறைத்த செயலுக்கு ஒப்பாகும். அந்தக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தை வெளிக்கொணர்ந்த நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

மூன்றாவது விஷயம், முதலாளிமார்களாகிய நமக்குரியது. சில வாரங்கள் கழித்து அவ்விளைஞர் மீண்டும் வந்தார். அச்சகத்தார் சொன்னதை முதலாளியிடம் அப்படியே சொல்லிவிட்டாராம். முதலாளி உடனே பேசி, அந்த 10 வீதத்தை விலையில் குறைத்துக்கொண்டார். “நல்லது தம்பி” என்றார்; அவ்வளவுதான். “வாடகை?” என்று கேட்டோம். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: அதே முதலாளி 2 மாதக் கூலியை இன்னும் கொடுக்கவில்லை!

நாம் திடுக்கிட்டோம். அவரைச் சோதனையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது அச்சகத்தாரின் ஆசைவார்த்தை மட்டுமல்ல, நம்மவரின் தாமதமும்தான். இதில் நாமும் சுத்தமானவரல்லர். முன்பொரு நாள் இதே போன்ற ஒருவரை அழைத்து, ஒரு தேத்தண்ணீருக்கு 2 மணி நேரம் யோசனை கேட்டுவிட்டு, “துஆச் செய்கிறோம்” என்று அனுப்பிவைத்தவர்தாம் நாம். கறிக்கடையில் இறைச்சி வாங்கிவிட்டுத் துஆவை மட்டும் கொடுத்து வருவோமா? கண்ணுக்குத் தெரியும் சரக்குக்குக் காசு. தெரியாத அறிவுக்கு நன்றி மட்டுமா? கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மூளையின் வியர்வை வெளியே தெரிவதில்லை என்பதால் அது வியர்வை இல்லையென்று ஆகிவிடாது.

ஆகவே, யோசனை சொல்லும் சகோதரர்கள் தங்கள் கூலியை முன்னதாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் வாங்குவதாயின் இரு பக்கமும் அறிய வாங்குங்கள். முதலாளிமார்களே, இவ்விதழை மடித்து வைக்குமுன், யாருக்கேனும் கூலி பாக்கியுண்டா என்று பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். நாமும் தேடிச் சென்று நம் பாக்கியைத் தீர்த்துவிட்டோம். அந்த மசாலா வியாபாரியும் இதை வாசிப்பார் என்று நம்புகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், நம் நாவில் உண்மையையும், நம் கையில் அமானிதத்தையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.